நால்வர் வந்தார்கள், நால்வர் போனார்கள்

அன்புள்ள ஐயா,

போன கிழமை கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் ஐரோப்பாவிலிருந்து வந்த நால்வர் குழு ஒன்றின் கச்சேரிக்குப் போனேன். தூதரக ஏற்பாடு, டிக்கெட் இல்லை. அழைப்பிதழில் 'கலாசாரப் பரிமாற்றம்' என்று போட்டிருந்தார்கள். இரண்டு வயலின், வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலா ஒன்று, காலிடையில் நிறுத்தி வாசிக்கும் பெரிய செல்லோ ஒன்று. முதலில் ஹைடன் என்ற பழைய இசையமைப்பாளருடையது. முதல் பகுதி முடிந்ததும் நான் கைதட்டிவிட்டேன். முன்வரிசையில் இருந்த அம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு ஒன்றும் காதில் ஏறவில்லை. கடைசியில் இங்குள்ள மிருதங்கக்காரர் ஒருவரை மேடைக்குக் கூப்பிட்டு ஐந்து நிமிடம் சேர்ந்து வாசித்தார்கள். சபையே எழும்பி நின்று தட்டியது. எனக்கென்றால் அது ஒட்டவில்லை.

இதில் பரிமாற்றம் எங்கே இருக்கிறது? அவர்கள் வருகிறார்கள், நாங்கள் கேட்கிறோம். நம்முடையவர்கள் எப்போது அங்கே போவது? என் மகள் ஏழு வருடமாகக் கர்நாடக வயலின் படிக்கிறாள். அடுத்த தடவை அவளையும் கூட்டிப் போகலாமா, அல்லது வீண் அலைச்சலா?

ஒரு வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரிக்கு,

கைதட்டலை முதலில் முடித்துவிடுவோம். 1778இல் மோட்சார்ட் பாரிஸிலிருந்து அப்பாவுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. தன் சிம்பொனியின் முதல் பகுதி ஓடிக்கொண்டிருக்கும்போதே, தான் எதிர்பார்த்த இடத்தில் சபை கைதட்டியது என்று சந்தோஷமாகச் சொல்கிறார். கச்சேரி முடிந்ததும் போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு, நேர்ந்துகொண்டபடி ஜெபமாலையும் சொன்னாராம். பகுதிகளுக்கு நடுவில் மூச்சுக்கூட விடக்கூடாது என்ற ஒழுங்கு மிகவும் பிந்தி வந்தது. ஆகவே நீங்கள் மோட்சார்ட் பக்கம்தான். அந்த அம்மாவையும் குறை சொல்ல மாட்டேன், அவர் படித்த பழக்கம் அது. எனக்கும் ஒருமுறை அந்தப் பார்வை கிடைத்திருக்கிறது, அதே அரங்கில்.

நீங்கள் கேட்டது ஹைடன் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மாதிரி நால்வர் இசைக்கு 'அறை இசை' என்று பெயர். அந்தப் பெயரே அது அறைக்கான இசை என்பதால் வந்தது. பிரபு வீட்டு அறையில் நாலு பேர் வாசிப்பார்கள், பத்து இருபது பேர் கேட்பார்கள். ஹைடனே எஸ்டர்ஹாசி பிரபு குடும்பத்தின் சீருடை போட்ட ஊழியராகத்தான் பல வருடம் இருந்தார். 1791இல் லண்டனுக்குப் போனபோது அங்கே காசு கொடுத்து உள்ளே வந்த பெரிய சபையைப் பார்த்தார். ஊர் திரும்பி 1793இல் அந்தச் சபையை மனதில் வைத்து ஆறு நால்வர் இசைகளை எழுதினார். பலவற்றின் தொடக்கத்தில் பலமாக ஓர் அடி விழும், பேசிக்கொண்டிருப்பவர்கள் வாயை மூடட்டும் என்று. ஒரு பயணம் இசையை மாற்றிய விதத்தைப் பாருங்கள்.

சரி, பரிமாற்றம். தூதரகங்கள் வெறும் இசைப் பற்றினால் செலவு செய்வதில்லை. பனிப்போர்க் காலத்தில் அமெரிக்க வெளியுறவுத் துறை ஜாஸ் கலைஞர்களை நாடு நாடாக அனுப்பியது. 1958இல் டேவ் புரூபெக், 1963இல் டியூக் எலிங்டன். இரண்டு பயணத்திலும் இலங்கை இருந்தது. புரூபெக்குடையதும் நால்வர் குழுதான். அந்தப் பயணத்தில் துருக்கியில் தெருவில் வாசித்துக்கொண்டிருந்தவர்களிடம் ஒரு தாளத்தைக் கேட்டார்: இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று என்று எண்ணும் ஒன்பது. நம் தவில்காரரிடம் சொன்னால் 'ஒன்பதெண்ணும் சங்கீர்ணம்தானே, பிரித்த விதம்தான் வேறு' என்று சிரிப்பார். புரூபெக் அதை வீட்டுக்குக் கொண்டுபோனார், அடுத்த வருடமே அது உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு உருப்படியாக வந்தது. அரசாங்கம் அனுப்பியது மேடைக்கு. அவருக்குக் கிடைத்தது தெருவில்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. நம்முடையவர்கள் எப்போது போவது என்கிறீர்கள். அவர்கள் எத்தனையோ வருடமாகப் போய் வந்துகொண்டிருக்கிறார்கள், சகோதரி. நாம்தான் கணக்கில் எடுப்பதில்லை.

இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில். தாளக்காரரையும் சுருதிப்பெட்டியையும் விட்டுவிட்டால் அதுவும் நால்வர் குழுதான். நடத்துநர் கிடையாது, ஏடு கிடையாது, கண்ணாலேயே பேச்சு. கோடை வந்தால் யாழ்ப்பாணத்து மேளகாரர்கள் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் கோயில் திருவிழாக்களுக்குப் போகிறார்கள். ஜேர்மனியில் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில், 2002இல் கும்பாபிஷேகம் கண்டது, தொழிற்பேட்டை ஒன்றுக்குள் கோபுரத்தோடு நிற்கிறது. அங்கே தேருக்கு வாசித்துவிட்டு வந்த தவில் வித்துவான் ஒருவரை எனக்குத் தெரியும். அழைப்பிதழில் 'கலாசாரப் பரிமாற்றம்' என்று யாரும் போடவில்லை. விசா கைக்கு வந்தது பயணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது. செல்லோவுக்கு விமானத்தில் தனி இருக்கை வாங்குவார்கள். இவருடைய தவில் பழைய சேலைகளில் சுற்றி லக்கேஜில் போனது.

வாத்தியங்களின் பாடு மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். கொழும்பு ஈரக்காற்றில் வயலின் மரம் ஊதும், முறுக்காணி இறுகும். வெளியே புழுக்கத்திலிருந்து ஏசி மண்டபத்துக்குள் வந்தால் சுருதி மறுபடி போகும். அங்கே ஜேர்மன் காற்றில் இவருடைய தவில் தோல் காய்ந்து இழுத்துக்கொண்டதாம். 'அது என் பேச்சைக் கேட்கவில்லை, நான்தான் அதன் பேச்சைக் கேட்டேன்' என்றார்.

தேர் பார்க்க ஜேர்மன்காரர்களும் நிறைய வருவார்கள். படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். ஒரு வயதானவர் மட்டும் வீதி முழுக்கத் தவிலோடு ஒட்டியே நடந்தாராம். முடிந்ததும் வித்துவானின் விரல்களில் இருந்த கூடுகளைக் காட்டிக் கையாலேயே 'என்ன இது' என்று கேட்டிருக்கிறார். இவர் ஒன்றைக் கழற்றி அவர் விரலில் மாட்டி, தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் தட்டிப் பார்க்கச் சொன்னார். மொழி ஒன்றும் ஓடவில்லை. அந்த மனிதர் நாலைந்து தடவை தட்டிவிட்டுக் கூட்டைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் கொடுத்தாராம்.

பரிமாற்றம் என்று நான் ஒத்துக்கொள்வது இதைத்தான். உங்களுக்கு அந்த ஐந்து நிமிட மிருதங்கம் ஒட்டாததற்குக் காரணம் கலைஞர்கள் இல்லை. வந்த நாலு நாளில் ஒரு நாள் விருந்து, ஒரு நாள் பேட்டி. மிருதங்கக்காரரோடு உட்கார ஒரு பின்னேரம் கிடைத்திருந்தாலே பெரிய விஷயம். எனக்குள்ள கோபம் அட்டவணை போடுகிறவர்கள் மேல்தான். அங்கேயிருந்து வரும் நால்வர் கொழும்பின் வசதியான பகுதியான கறுவாத்தோட்டத்து முகங்களுக்கு வாசிக்கிறார்கள். இங்கேயிருந்து போகும் நால்வர் அங்குள்ள நம் முகங்களுக்கு வாசிக்கிறார்கள். ஒரே ஒரு காலை நேரம், அந்த வயலின்காரர்களை நாதஸ்வரமும் தவிலும் வாசிக்கும் ஒரு மேளச்சமா நடக்கும் இடத்தில் கொண்டுபோய் இருத்தினால் என்ன? பொன்னாடையும் வேண்டாம், பேச்சும் வேண்டாம்.

மகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். வென்டில் முன்வரிசைக்குப் போய் இருத்துங்கள். அரங்குக்குப் பெயர் தந்த லயனல் வென்ட்டைப் புகைப்படக்காரர் என்றே இப்போது சொல்கிறோம். அவர் லண்டனில் சட்டமும் பியானோவும் படித்துத் திரும்பிய பியானோக்காரர் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். உங்கள் மகள் வயலின் தலையைக் காலில் ஊன்றி வாசிக்கிறவள். அவர்கள் தாடையில் இடுக்கி வாசிப்பதால் இடது கை எவ்வளவு வித்தியாசமாக ஓடுகிறது என்று அவளே கண்டுபிடிப்பாள். முதல் வயலின்காரரின் மூச்சைக் கவனிக்கச் சொல்லுங்கள். அவர் மூச்சை இழுத்த இடத்தில்தான் நாலு வில்லும் ஒன்றாக இறங்கும்.

அப்புறம், ஆடிவேல் திருவிழா வரும்போது பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலில் மேளத்துக்குப் பக்கத்தில் அவளோடு ஒரு மணித்தியாலம் நில்லுங்கள். காதுக்குப் பஞ்சு எடுத்துப் போங்கள், தவில் நெருக்கத்தில் கொஞ்சம் அதிகம்தான்.