லைட் போட்டா முள் ஏறுதா? அவசரப்பட்டு ஹெட் இறக்காதீங்க

கார் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே வணக்கம், நான் புதுச்சேரி முதலியார்பேட்டை. ஒரு பழைய ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் வெச்சிருக்கேன், ஃபைபர் பாடி, டாப் தொறந்து மூடுற மாதிரி, 60 குதிரை சக்தி பெட்ரோல் என்ஜின். போன வருஷம் டாஷ்போர்டு எல்லாம் கழட்டி, சேசிஸ்லேந்து புதுசா பெயிண்ட் அடிச்சு, ரொம்ப ஆசையா ரெடி பண்ணினேன். பகல்ல ஒரு குறையும் இல்ல, வெயில்ல திண்டிவனம் போய்ட்டு வந்தாக்கூட டெம்பரேச்சர் முள் பாதியிலயே நிக்குது. சாயங்காலம் கடலூர்ல அக்கா வீட்டுக்குக் கிளம்பினாத்தான் பிரச்சனை, தவளக்குப்பம் தாண்டி இருட்டிடுச்சேன்னு ஹெட்லைட் போட்டா முள் சர்ருன்னு சிவப்புக்குப் போயிடுது. ரெண்டு தடவ கிருமாம்பாக்கத்துல ஓரங்கட்டி ஆற வெச்சுட்டு திரும்பி வந்துட்டேன். ஷெட்ல ரேடியேட்டர் மாத்தினாங்க, தெர்மோஸ்டாட் மாத்தினாங்க, வாட்டர் பம்ப்பும் மாத்தியாச்சு, இப்ப ஹெட் கேஸ்கெட் (என்ஜினோட மேல் பாகமான ஹெட்டுக்கு அடியில இருக்கிற சீல்) போயிருக்கும், ஹெட் இறக்கிப் பாக்கணும்னு சொல்றாங்க. வீட்ல வித்துடுன்னு ஒரே சண்டை. ஹெட் இறக்கலாமா?

பதில்: தம்பி, இறக்காதீங்க. உங்க கேள்வியிலயே பதிலும் இருக்கு, ஹெட்லைட் போட்டா முள் ஏறுதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அந்த ஒரு வரிய ஷெட்ல யாராவது நிதானமா காது குடுத்துக் கேட்டிருந்தா மூணு பார்ட்ஸ் காசு மிஞ்சியிருக்கும்.

முதல்ல ஒரு சின்ன கணக்கு போடுவோம். உங்க என்ஜின்ல சுமாரா 5 லிட்டர் கூலன்ட் இருக்குன்னு வெச்சுக்கோங்க, கணக்குக்கு வெறும் தண்ணின்னே எடுத்துக்கலாம். 1 லிட்டர் தண்ணிய 1 டிகிரி ஏத்த 4.2 கிலோ ஜூல் வேணும், அப்ப 5 லிட்டரை 20 டிகிரி ஏத்த 420 கிலோ ஜூல். அது ரெண்டு செகண்டுக்குள்ள ஏறணும்னா 210 கிலோவாட் சூடு உள்ள போகணும். உங்க என்ஜின் முழு மூச்சா இழுத்தாலும் 60 குதிரை சக்தி, அதாவது 45 கிலோவாட்டுதான், கூலன்ட்டுக்குப் போற சூடும் கிட்டத்தட்ட அந்த அளவுலதான் இருக்கும். இதுல என்ஜின் இரும்பு, அலுமினியம் சூடாகுறத நான் சேர்க்கவே இல்ல. அதனால நிஜமான சூடு இப்படி குதிக்கவே முடியாது, அது படிப்படியாதான் ஏறும், படிப்படியாதான் இறங்கும். சர்ருன்னு ஏறுதுன்னா அங்க ஏறுறது கரண்ட்டு சமாச்சாரம்.

ஏன்னா அந்த முள்ளுக்கு சூடுன்னா என்னன்னே தெரியாது தம்பி. என்ஜின்ல இருக்கிற சென்சார் சூடாக சூடாக அதோட ரெசிஸ்டன்ஸ் குறையும், குறைஞ்சா கரண்ட் ஜாஸ்தி ஓடும், அத வெச்சுத்தான் முள் ஏறுது. பழைய கார் மீட்டர் பலதுல உள்ள ரெண்டு காயில் இருக்கும், ஒண்ணு முள்ள கூல் பக்கம் இழுக்கும், இன்னொண்ணு ஹாட் பக்கம் இழுக்கும். கூல் காயிலுக்கு எர்த், அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவ்வுக்குத் திரும்புற வழி, டாஷ்போர்டுக்குப் பின்னாடி, ஹாட் காயிலுக்கு எர்த் சென்சார் வழியா என்ஜின்ல. இப்ப டாஷ்போர்டு எர்த் லூசா இருக்குன்னு வைங்க, லைட்டோட எர்த்தும் அதே போல்ட்டுல சேருதுன்னு வைங்க. ரெண்டு 60 வாட் பல்பு 12 வோல்ட்டுல 10 ஆம்பியர் இழுக்கும், அந்த லூஸ் இடத்துல 0.1 ஓம் ரெசிஸ்டன்ஸ் இருந்தாலே 1 வோல்ட் அங்க நின்னுடும். அந்த 1 வோல்ட் கூல் காயிலோட பலத்தைக் குறைச்சிடும், ஹாட் காயில் ஜெயிச்சிடும், முள் சிவப்புக்குப் போயிடும், என்ஜின் பாவம் எப்பவும் போல 90 டிகிரியில ஓடிக்கிட்டிருக்கும்.

என்ஜின்லேந்து சேசிஸ்க்கு வர்ற பட்டை எர்த் மோசமா இருந்தாலும் இதே கூத்து நடக்கும், இது நிறைய பேருக்குத் தெரியாது. வண்டி ஓடுறப்ப கரண்ட் குடுக்கிறது ஆல்டர்னேட்டர், அது என்ஜின் மேலதான் உட்கார்ந்திருக்கு, லைட்டுக்குப் போன கரண்ட் எல்லாம் அந்த பட்டை வழியாத்தான் ஆல்டர்னேட்டருக்குத் திரும்பணும். பட்டை கெட்டுப்போயிருந்தா என்ஜினுக்கும் சேசிஸ்க்கும் நடுவுல வோல்ட்டேஜ் வித்தியாசம் வந்து, சென்சார் வழியா கூடுதலா கரண்ட் ஓடும், முள் மறுபடி மேல.

உங்க கார் ஃபைபர் பாடிங்கிறது இன்னொரு முக்கியமான விஷயம். தகரப் பாடி கார்ல பாடியே ஒரு பெரிய நெகட்டிவ் வயர் மாதிரி, எங்க ஒரு ஸ்க்ரூ போட்டாலும் எர்த் கிடைச்சிடும். ஃபைபர்ல கரண்ட் ஓடாது. 1953-லேந்து வர்ற கார்வெட் ஆகட்டும், லோட்டஸ் ஆகட்டும், நம்ம நாட்டுல செஞ்ச சான் ஸ்டார்ம் ஆகட்டும், ஃபைபர் கார் எதுவா இருந்தாலும் ஒவ்வொரு லைட்டுக்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் எர்த்தை வயர் போட்டுத்தான் கொண்டு வரணும், அந்த வயரெல்லாம் கொத்தா ரெண்டு மூணு போல்ட்டுல வந்து முடியும். நீங்க வேற சேசிஸ்க்கு பெயிண்ட் அடிச்சிருக்கீங்க. அந்த போல்ட் இடத்துல பெயிண்ட்டைச் சுரண்டாம அப்படியே லக்கை (வயர் முனையில இருக்கிற வளையத்தை) வெச்சு முடுக்கியிருந்தா பெயிண்ட் மேலதான் எர்த் உட்கார்ந்திருக்கும். அதோட நம்ம ஊர் கடல் காத்து, செம்பு வயர்ல பச்சை களிம்பு பிடிக்க இங்க ரொம்ப நாள் ஆகாது, வெளில பாத்தா வயர் நல்லாத்தான் இருக்கும், லக்குக்குப் பக்கத்துல தோலை உரிச்சா உள்ள கறுத்துப்போய் கிடக்கும்.

சரி, நான் சொல்றதுக்காக நம்பாதீங்க, சோதிச்சுப் பாருங்க. வீட்டு வாசல்லயே வண்டிய நிறுத்தி ஸ்டார்ட் பண்ணி, ரேடியேட்டர் ஃபேன் ஒரு தடவ ஓடி நிக்கிற வரைக்கும் விடுங்க. முள் பாதியில இருக்கும். இப்ப ஹெட்லைட் போடுங்க, ஹை பீம் போடுங்க, பிரேக் மிதிங்க, கடைசியா இண்டிகேட்டர் போடுங்க. இண்டிகேட்டர் டிக் டிக்னு அடிக்கிறப்ப முள்ளும் கூடவே துள்ளுச்சுன்னா அதுக்கு மேல சாட்சி வேண்டாம். பெட்ரோல் முள்ளையும் ஒரு கண்ணு பாத்துக்கோங்க, ரெண்டு முள்ளும் சேர்ந்து நகர்ந்தா கோளாறு ரெண்டுக்கும் பொதுவான இடத்துல, மீட்டருக்கு வர்ற கரண்ட்டுலயோ எர்த்துலயோ இருக்கு. பழைய பிரிட்டிஷ் கார்ல மீட்டருக்குப் பின்னாடி 10 வோல்ட் ஸ்டெபிலைசர்னு ஒண்ணு இருக்கும், அது கெட்டாலும் ரெண்டு முள்ளும் சேர்ந்துதான் பொய் சொல்லும்.

ஆனா இதோட நிறுத்திடாதீங்க, முள் பொய் சொல்லுதுன்னு முடிவு பண்ண ரெண்டாவதா ஒரு சாட்சி கண்டிப்பா வேணும். துப்பாக்கி மாதிரி இருக்கிற இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்குங்க இல்ல கடன் வாங்குங்க. தெர்மோஸ்டாட் மூடி அலுமினியமா பளபளன்னு இருந்தா அது மேல நேரா காட்டினா குறைச்சுக் காட்டும், அதனால அந்த இடத்துல ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி அது மேல காட்டுங்க. லைட் போடுறதுக்கு முன்னாடி ஒரு அளவு, போட்ட பின்னாடி ஒரு அளவு எழுதுங்க. முள் சிவப்புல இருக்கிறப்பவும் இது 85, 95-க்குள்ளயே நின்னா உங்க என்ஜினுக்கு ஒண்ணுமே இல்ல. ஓபிடி சாக்கெட், அதாவது ஸ்கேனர் சொருகுற சாக்கெட், இருக்கிற புது கார்னா இன்னும் சுலபம், ஸ்கேனர் போட்டு கம்ப்யூட்டர் என்ன டிகிரி படிக்குதுன்னு பாத்துடலாம். ஆனா சில கார்ல மீட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரே சென்சார், அங்க சென்சாரே கெட்டா ரெண்டுமே சேர்ந்து தப்பாத்தான் காட்டும்.

அடுத்து மல்டிமீட்டர். டிசி வோல்ட்டுல வெச்சு, கறுப்பு முனைய பேட்டரி நெகட்டிவ்ல, சிவப்பு முனைய என்ஜின் பிளாக்ல சுத்தமான இடத்துல வைங்க, என்ஜின் ஓடணும், லைட்டு எல்லாம் எரியணும். 0.1 வோல்ட்டுக்குள்ள இருந்தா நல்லது, 0.2 தாண்டினா எர்த் சரியில்ல. மைனஸ் போட்டுக் காட்டினா கவலைப்படாதீங்க, எண்தான் முக்கியம். அதையே மீட்டருக்குப் பின்னாடி இருக்கிற எர்த் வயர்லயும் பாருங்க. மல்டிமீட்டர் இல்லியா, ஜம்ப் ஸ்டார்ட் கேபிள் ஒண்ண எடுத்து பேட்டரி நெகட்டிவ்லேந்து நேரா என்ஜினுக்குப் போடுங்க, அப்புறம் ஒரு தடிச்ச வயர் எடுத்து பேட்டரி நெகட்டிவ்லேந்து மீட்டர் எர்த்துக்குப் போடுங்க, எந்த இடத்துல தொட்டதும் முள் கீழ விழுதோ அங்கதான் வியாதி. ரெண்டு இடத்துலயும் அசையலன்னா சென்சார் வயரைக் கழட்டுங்க, முள் கூல் பக்கம் படுத்துடணும், படுக்கலன்னா வயர் எங்கயோ தோல் உரிஞ்சு இரும்புல தொடுது, இல்ல மீட்டரே போயிருக்கு.

கண்டுபிடிச்சதும் போல்ட்டைக் கழட்டி எமரி பேப்பர் போட்டு பெயிண்ட், துரு எல்லாம் போய் வெள்ளையா இரும்பு தெரியிற வரைக்கும் தேயுங்க, கறுத்த வயரை வெட்டிப் போட்டுட்டு புது லக்கு அடிங்க, இறுக்கின பின்னாடி மேல வாசலின் தடவுங்க. என் ஆசை என்னன்னா, என்ஜினுக்கு ஒரு புது பட்டை எர்த், மீட்டருக்கு பேட்டரிலேந்து நேரா தனியா ஒரு எர்த் வயர், ரெண்டும் போட்டுடுங்க, ஃபைபர் கார்ல இது வீண் செலவே இல்ல.

ஒரு விஷயம் கெஞ்சியே கேட்டுக்கறேன், இந்த சோதனை எல்லாம் முடியிற வரைக்கும் முள் சிவப்புக்குப் போனா நிஜம்னே நினைச்சு ஓரங்கட்டுங்க, நீங்க கிருமாம்பாக்கத்துல நின்னது சரியான வேலை. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் மீட்டர் எப்பவுமே இப்படித்தான்னு ஓட்டிக்கிட்டே போய் ஹெட் வளைஞ்சுபோச்சு. கூலன்ட் குறையுதா, இனிப்பா ஒரு வாடை வருதா, ஆயில் பால் கலந்த மாதிரி இருக்கா, ஸ்டார்ட் பண்ணி சூடாகுறதுக்குள்ளயே மேல் ஹோஸ் கல்லு மாதிரி ஆகுதா, இதுல ஒண்ணு இருந்தாலும் என் பதில் மாறிடும். அப்பவும் நேரா ஹெட் இறக்காதீங்க, ரேடியேட்டர் வாயில நீலக் கலர் கெமிக்கல் வெச்சு ஒரு சோதனை இருக்கு, எரிஞ்ச வாயு கூலன்ட்ல கலந்திருந்தா அது மஞ்சளா மாறும், அத முதல்ல பண்ணச் சொல்லுங்க. சூடா இருக்கிறப்ப ரேடியேட்டர் மூடிய மட்டும் தொடவே தொடாதீங்க, பிரஷர்ல 100 டிகிரிக்கு மேலயும் கொதிக்காம இருக்கிற தண்ணி மூடிய தொறந்த அடுத்த நொடி கொதிச்சு முகத்துல அடிக்கும்.

கேள்வி: சார், கடலூர் மஞ்சக்குப்பம். என் ஹேட்ச்பேக்ல ஏசி போட்டு சிக்னல்ல நின்னா முள் கொஞ்சம் கொஞ்சமா ஏறுது, வண்டி ஓட ஆரம்பிச்சதும் இறங்கிடுது. இதுவும் எர்த் கோளாறா?

பதில்: இல்லங்க, இது நிஜமான சூடு. மெதுவா ஏறி மெதுவா இறங்குது, காத்து பட்டா சரியாகுது, அப்ப முதல் சந்தேகம் ஃபேன் மேலதான். ஏசி போட்டா ஃபேன் ஓடணும், பானெட்டைத் தொறந்து பாருங்க. ஓடலன்னா ஃப்யூஸ், ரிலே, மோட்டார்னு வரிசையா பாக்கச் சொல்லுங்க. ஓடுதுன்னா ரேடியேட்டருக்கும் ஏசி கண்டன்சருக்கும் நடுவுல மண்ணும் பூச்சியும் அடைச்சிருக்கும். சரி பண்ற வரைக்கும் சிக்னல்ல ஏசிய ஆஃப் பண்ணிடுங்க.

கேள்வி: அண்ணா, காலாப்பட்டு. ஈசிஆர்ல நல்லா ஓட்டிட்டு வந்து பத்து நிமிஷம் கடையில நிறுத்திட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணினா முள் வழக்கத்த விட மேல நிக்குது, ஒரு நிமிஷத்துல பழைய இடத்துக்கு வந்துடுது, பயமா இருக்கு.

பதில்: பயப்படாதீங்க தங்கச்சி. என்ஜின் நின்னதும் பம்ப்பும் நின்னுடும், சூடான இரும்பு பக்கத்துல இருக்கிற தண்ணிய சூடாக்கிக்கிட்டே இருக்கும், சென்சார் அதுல மூழ்கியிருக்கு. ஸ்டார்ட் ஆனதும் தண்ணி சுத்தும், முள் இறங்கும். ஒரு நிமிஷம் தாண்டியும் இறங்கலன்னாலோ சிவப்பைத் தொட்டாலோ எழுதுங்க.

கேள்வி: வில்லியனூர்லேந்து எழுதறேன் அண்ணே. லீக் ஆகுதுன்னு ஒத்தை வயர் சென்சாரை மாத்தினாங்க, டெஃப்லான் டேப் நிறைய சுத்திப் போட்டாங்க. அதுலேந்து முள் கால்வாசிக்கு மேல போறதே இல்ல. நல்லதுதானே?

பதில்: நல்லதில்ல தம்பி, மேல சொன்ன எல்லாத்த விட எனக்கு இதுதான் கவலையா இருக்கு. ஒத்தை வயர் சென்சாருக்கு எர்த் அதோட மரை வழியாத்தான் என்ஜினுக்குப் போகுது, டேப்பைத் தடியா சுத்தினா எர்த் கெட்டு முள் குறைச்சுக் காட்டும், நாளைக்கு என்ஜின் நிஜமாவே கொதிச்சாலும் உங்களுக்குத் தெரியாது. மரை சேர்ந்துடுச்சுன்னு வேற வண்டி சென்சாரைப் போட்டிருந்தாலும் அளவு தப்பும், பழைய சென்சாரோட பார்ட் நம்பரை ஒப்பிட்டுப் பாருங்க. என்ஜின் நல்லா ஆறினதும் கழட்டி டேப்பை எல்லாம் உரிச்சு எடுத்துட்டு, செம்பு வாஷர் உள்ள சென்சார்னா புது வாஷர் போட்டு டேப்பே இல்லாம இறுக்கச் சொல்லுங்க, கழட்டுறப்ப கொட்டின கூலன்ட்டை நிரப்ப மறந்துடாதீங்க.