மோர் கொடுத்தவன் கூடை வைக்கவில்லை

கேள்வி: மயிலாப்பூர் அறுபத்துமூவர் விழா முடிந்ததும் மாட வீதி முழுக்கத் தட்டும் டம்ளருமாகக் கிடக்கிறதே, யாரைக் குறை சொல்வது?
— வாசகி, மந்தைவெளி

பதில்: முதலில் என்னைச் சொல்லுங்கள். சில வருடங்களுக்கு முன் நாலு பேர் சேர்ந்து நீர்மோர் கொடுத்தோம். இரண்டு அண்டா. பெருங்காயம், கொத்தமல்லி எல்லாம் பார்த்துப் பார்த்துப் போட்டோம். குப்பைக்கூடை மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. குடித்தவர்கள் காலடியில்தான் போட்டார்கள். ராத்திரி பெருக்க வந்த அம்மா, நசுங்கித் தாரோடு ஒட்டிய கப்பைத் துடைப்பத்தால் எடுக்க முடியாமல், குனிந்து நகத்தால் சுரண்டினார். அதைப் பார்த்த பிறகு எனக்கு மோர் இறங்கவில்லை.

சட்டமா? இருக்கிறது. உரிமம் இல்லாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூட்டுகிறவர், மூன்று வேலை நாள் முன்பே உள்ளாட்சிக்குச் சொல்லி, குப்பையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகளே சொல்லின. பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப்புக்கும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. கடையில் கேட்டால், “பேப்பர்தான் சார்” என்பார்கள். உள்பக்கம் நகத்தால் கீறிப் பாருங்கள், மெல்லிய பிளாஸ்டிக் ஏடு உரிந்து வரும்.

இப்போது எவர்சில்வர் டம்ளர்தான் வைக்கிறோம், கழுவ ஒரு ஆளோடு. போன தடவை ஏழு டம்ளர் காணோம். சரி, போகட்டும்.