ஒயின் ருசி விருந்து: எத்தனை பாட்டில், யார் வாங்குவது, எப்போது சாப்பிடுவது?

கேள்வி: ஒயினில் ஈடுபாடுள்ள நண்பர்கள் பத்துப் பேர் இருக்கிறோம். இதுவரை அவரவர் வாங்கிக் குடித்துவிட்டு, எப்படி இருந்தது என்று பேசிக்கொள்வதோடு சரி. முதல்முறையாக எல்லாரும் சேர்ந்து ஒரு ருசி விருந்து வைக்கலாம் என்று முடிவாகி, ஏற்பாடு என் தலையில் விழுந்திருக்கிறது. ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவரச் சொன்னால் போதுமா? லேபிளை மறைத்துப் பரிமாற வேண்டுமா? சாப்பாட்டை எங்கே நுழைப்பது? செலவை எப்படிப் பிரிப்பது?

பதில்: ஆளுக்கொரு பாட்டில் என்று மட்டும் சொல்லி அனுப்பினால் என்ன நடக்கும் தெரியுமா? நாலு பேர் கெட்டியான சிவப்பு ஒயினோடு வருவார்கள். ஒருவர் இனிப்பு ஒயின், ஒருவர் ஷாம்பெயின், இன்னொருவர் பல வருஷம் பூட்டி வைத்திருந்த பழைய பாட்டில். வரும் வழியில் கையில் கிடைத்ததை வாங்கி வருபவரும் ஒருவர் இருப்பார். எல்லாவற்றையும் ஊற்றுவீர்கள், எல்லாமே நன்றாக இருக்கும், மறுநாள் எது எப்படி இருந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது. அது சந்தோஷமான விருந்துதான், தப்பே இல்லை. ஆனால் ருசி பார்த்ததாகாது.

ருசி பார்ப்பது என்றால் ஒப்பிட்டுப் பார்ப்பது. அதற்கு அன்றைய இரவுக்கு ஒரே ஒரு கேள்வி வேண்டும். ஒரே திராட்சை வெவ்வேறு ஊரில் விளைந்தால் என்ன ஆகிறது? ஒரே வருஷம், ஒரே வட்டாரம், ஆனால் வேறு வேறு தயாரிப்பாளர்கள் என்றால்? ஒரே தயாரிப்பாளரின் ஒயின் வருஷத்துக்கு வருஷம் எப்படி மாறுகிறது? இந்தக் கடைசி வகை ஆசையைக் கிளப்பும், ஆனால் பழைய வருஷத்து பாட்டில்களைத் தேடிப் பிடிப்பதற்குள் உயிர் போய்விடும், பணமும் போகும். முதல் விருந்துக்கு நான் சொல்வது முதல் வகை. உதாரணமாக பினோ நுவார் என்ற சிவப்பு ஒயின் திராட்சை: பிரான்ஸின் பர்கண்டி, அமெரிக்காவின் ஆரிகன், நியூசிலாந்தின் சென்ட்ரல் ஒடாகோ. ஊருக்குப் பதில் பீப்பாயை மாற்றியும் பார்க்கலாம், ஷார்டனே என்ற வெள்ளை ஒயின் திராட்சையில்: ஓக் மரப் பீப்பாயையே காட்டாதது ஒன்று, லேசாகக் காட்டியது ஒன்று, புது பீப்பாயில் ஊறியது ஒன்று. பழக்கமில்லாதவருக்கும் வித்தியாசம் முதல் வாயிலேயே புரியும்.

இப்போது கணக்கு. ஒரு பாட்டில் 750 மில்லி. ருசி பார்க்க ஆளுக்கு 50 மில்லி தாராளம். பத்துப் பேருக்கு 500 மில்லி போனால், சாப்பாட்டு மேசைக்கு 250 மில்லி மிஞ்சும். இந்த மிச்சம் முக்கியம், ஏன் என்று பிறகு சொல்கிறேன். அதனால் உங்களுக்கு வேண்டியது பத்து பாட்டில் அல்ல, ஆறு. ஆறும் முழுக்கக் காலியானால் ஆளுக்கு 450 மில்லி, அதாவது அரை பாட்டிலுக்கு மேலேயே. பத்து பாட்டில் திறந்தால் தலைக்கு ஒரு முழு பாட்டில்! ஏழாவது ஒயினுக்கு வரும்போது யார் நாக்கும் யார் பேச்சும் நம்பும்படி இருக்காது.

ஆறு என்றாலும் துப்புவதற்கு ஆளுக்கொரு கப் வையுங்கள். உள்ளே இருப்பது வெளியே தெரியாத, உயரமான கப். துப்புவதைப் பலர் அநாகரிகம் என்று நினைத்துக் கூச்சப்படுவார்கள். நீங்கள் முதலில் துப்பிக் காட்டினால் மற்றவர்களும் துப்புவார்கள்.

ஏழாவதாக ஒரு பாட்டிலை, திறக்காமல், கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். கார்க் வழியாக வரும் டிசிஏ என்ற ரசாயனம் ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே ஒயினின் மணத்தை அடித்துவிடும். நனைந்த அட்டைப்பெட்டி, காற்றுப் புகாத ஈரமான அறை, அந்த வாடை வரும். குடித்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் ஒப்பிடப் பயன்படாது. விருந்தாளிகள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஆறு பாட்டிலையும் திறந்து, ஒரு சொட்டு ஊற்றி முகர்ந்து பாருங்கள். எல்லார் முன்னிலையிலும் திறந்த பிறகு கெட்டுப்போயிருப்பது தெரிந்தால், கொண்டுவந்தவர் முகம் வாடிவிடும்.

பணத்தைப் பொறுத்தவரை, பொது நிதிதான் என் கட்சி. எல்லாரும் சமமாகப் பணம் போடட்டும், ஒருவரே ஆறையும் கையிருப்பு பாட்டிலையும் சேர்த்து வாங்கட்டும். தலைப்புக்குப் பொருந்தாத பாட்டில் வராது, யார் விலை உயர்ந்ததைக் கொண்டுவந்தார் யார் மலிவாக முடித்தார் என்ற மனக்கசப்பும் வராது. இல்லை, கொண்டுவருவதில்தான் குஷி என்றால் இரண்டு பேருக்கு ஒரு பாட்டில் என்று ஜோடி சேர்த்துவிட்டு, ஆறாவதையும் கையிருப்பையும் பொதுவில் வாங்குங்கள். விலைக்கு உச்சவரம்பு மட்டும் போதாது, கீழ்வரம்பும் சொல்லுங்கள். கடைசி நேரத்தில் வர முடியாமல் போனால் பணம் திரும்பாது, பாட்டில் என்றால் ஆள் வராவிட்டாலும் பாட்டில் வந்தாக வேண்டும். இதை முதல் நாளே சொல்லிவிட்டால் பிறகு சங்கடம் இல்லை. அந்தப் பல வருஷத்துப் பழைய பாட்டில்காரரைப் புண்படுத்த வேண்டாம். அதைப் போட்டியில் சேர்க்காமல், சாப்பாட்டின்போது பெயரைச் சொல்லித் திறந்தால் அவருக்கும் மரியாதை, பாட்டிலுக்கும் மரியாதை.

வீட்டில் வைப்பது எளிது. உணவகம் என்றால் வெளியிலிருந்து பாட்டில் கொண்டுவர அனுமதி உண்டா, அதற்கு வாங்கும் கார்க்கேஜ் கட்டணம் பாட்டிலுக்கா தலைக்கா, முப்பது ஒயின் கிளாஸ் தருவார்களா, சமையல் வாசனை வராத தனி அறை உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள். சில இடங்களில் சட்டமே வெளி பாட்டிலை அனுமதிக்காது, அங்கே கெஞ்சிப் பயனில்லை.

முப்பது கிளாஸ் என்றேன். ஆறு ஒயின், பத்துப் பேர் என்றால் அறுபது வேண்டாமா? வேண்டாம். மூன்று மூன்றாக இரண்டு ரவுண்டு வையுங்கள், ஆளுக்கு மூன்று கிளாஸ் போதும். வீட்டில் இல்லையென்றால் அவரவர் கிளாஸை அவரவரே துணியில் சுற்றிக் கொண்டுவரட்டும். ருசி பார்ப்பதற்கென்றே 1977இல் வந்த ஐஎஸ்ஓ தரத்தில் 215 மில்லி அளவில், வாய் குறுகிய சின்ன கிளாஸ் ஒன்று உண்டு. அதுதான் வேண்டும் என்பதில்லை, எல்லார் கையிலும் ஒரே மாதிரி இருந்தால் சரி. ஆனால் வெறும் கிளாஸை முகர்ந்து பாருங்கள். அலமாரியில் கவிழ்த்து வைத்த கிளாஸில் மரவாசனை இருக்கும், துடைத்த துணியின் வாசனையும் இருக்கும். தண்ணீரில் அலசிவிட்டு, கொஞ்சம் ஒயினை ஊற்றிச் சுழற்றிக் கொட்டிவிட்டால் போய்விடும். ஒவ்வொருவர் முன்னாலும் மூன்று வட்டம் வரைந்து எண் போட்ட வெள்ளைத் தாளை விரியுங்கள். இல்லாவிட்டால் பத்தாவது நிமிஷம் எது இரண்டு, எது மூன்று என்று குழப்பம் வரும்.

இனி மறைப்பது. கட்டாயம் மறையுங்கள். 1976 மே 24 அன்று பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வியாபாரி, பிரெஞ்சு ஒயின்களையும் கலிஃபோர்னியா ஒயின்களையும் லேபிள் தெரியாமல் பிரெஞ்சு நடுவர்களுக்கு ஊற்றிக் கொடுத்தார். வெள்ளையில் ஷாட்டோ மான்டலீனா 1973, சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லர்ஸ் 1973, இரண்டிலுமே கலிஃபோர்னியா முதலிடம். லேபிள் தெரிந்திருந்தால் அப்படி முடிந்திருக்குமா? கண் நம்மை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதற்கு பிரான்ஸின் போர்டோவில் நடந்து 2001இல் வெளியான ஆய்வையும் சொல்ல வேண்டும். ஒயின் படிக்கும் மாணவர்கள் 54 பேருக்கு, மணமில்லாத சாயத்தால் சிவப்பாக்கிய வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். அதன் மணத்தை அவர்கள் சிவப்பு ஒயினுக்கான சொற்களில் விவரித்தார்கள். அவர்களுக்கே அப்படி என்றால், விலைச்சீட்டைப் பார்த்த பிறகு நம் நாக்கு என்ன சொல்லும்!

மறைப்பதில் நுணுக்கம் இருக்கிறது. காகிதப் பையில் பாட்டிலைப் போட்டுக் கழுத்தைக் கட்டினால் மட்டும் போதாது. மேலே இருக்கும் தகடுறையை முழுக்க உரித்துவிடுங்கள், அதன் நிறமே காட்டிக்கொடுக்கும். கார்க்கில் பெயர் அச்சிட்டிருக்கும், அதையும் ஒளியுங்கள். பாட்டிலின் உருவம் வேறு இருக்கிறது: போர்டோ பாட்டிலுக்குத் தோள் உண்டு, பர்கண்டிக்குச் சரிவு, ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினுக்கு ஒல்லியான உயரம். பையில் இருந்தாலும் கைபட்டால் தெரிந்துவிடும், அதனால் ஊற்றுவது ஒருவரே செய்யட்டும். அவரும் விளையாட்டில் சேர வேண்டுமானால் ஒருவர் பைக்குள் போடட்டும், அவர் வெளியே போன பிறகு இன்னொருவர் பைகளை இடம் மாற்றி எண் எழுதட்டும். யாருக்குமே தெரியாது. முதல்முறை என்பதால், ஆறு ஒயினின் பெயர்ப் பட்டியலை எல்லாருக்கும் கொடுத்துவிட்டு வரிசையை மட்டும் மறைப்பது நல்லது. முழு இருட்டில் தடவுவதைவிட, ஆறில் இது எது என்று யோசிப்பதில் கற்றுக்கொள்வது அதிகம்.

ஒவ்வொரு ரவுண்டிலும் முதல் ஏழெட்டு நிமிஷம் யாரும் பேசக் கூடாது, எழுத மட்டும் வேண்டும். “ஆகா, செர்ரி!” என்று ஒருவர் சொல்லிவிட்டால் மேசை முழுவதும் செர்ரி மணக்கத் தொடங்கிவிடும். பேச ஆரம்பிக்கும்போது அனுபவம் குறைந்தவரிடமிருந்து தொடங்குங்கள். விஷயம் தெரிந்தவர் முதலில் பேசினால் மற்றவர்கள் தாங்கள் எழுதியதை அடித்துத் திருத்துவதை நீங்களே பார்ப்பீர்கள்.

மதிப்பெண் வேண்டாம், ரேங்க் போதும். நூற்றுக்குப் போடச் சொன்னால் ஒருவர் 88க்கும் 93க்கும் நடுவிலேயே சுற்றுவார், இன்னொருவர் 60இலிருந்து 95 வரை அள்ளி வீசுவார். கூட்டிப் பார்த்தால் இரண்டாமவர் சொன்னதுதான் முடிவாக நிற்கும். பாரிஸ் போட்டியிலும் இருபதுக்கு மதிப்பெண் போட்டுச் சராசரிதான் எடுத்தார்கள். பிற்காலத்தில் ஆர்லி ஆஷென்ஃபெல்டர், ரிச்சர்ட் குவாண்ட் என்ற பொருளியல் அறிஞர்கள் சிவப்பு ஒயின்களின் முடிவை ரேங்க் கணக்கில் போட்டுப் பார்த்தார்கள். முதலிடம் மாறவில்லை என்பது வேறு விஷயம். நீங்கள் ஒன்று முதல் ஆறு வரை ரேங்க் போட்டுக் கூட்டுங்கள், கூட்டுத்தொகை குறைந்தது முதல். சொல்லப்போனால் எனக்கு அந்த முதலிடத்தில் அவ்வளவு ஆர்வமில்லை. பாதிப் பேர் முதலாகவும் பாதிப் பேர் கடைசியாகவும் போட்ட பாட்டில் ஒன்று இருக்கும் பாருங்கள், அதைப் பற்றித்தான் அன்று அதிகம் பேச வேண்டும்.

வெப்பநிலையை அலட்சியம் செய்யாதீர்கள். நுரைக்கும் ஒயினுக்கு 6 முதல் 10 டிகிரி, வெள்ளைக்கு 8 முதல் 12, கனமான சிவப்புக்கு 16 முதல் 18, பினோ போன்ற மெல்லிய சிவப்புக்கு இன்னும் இரண்டு மூன்று டிகிரி குறைவு. சிவப்பை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்பதை அப்படியே நம்பினால், வெதுவெதுப்பான அறையில் சாராய நெடிதான் மூக்கில் ஏறும். சிவப்பை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள், வெள்ளையைப் பரிமாறுவதற்கு இருபது நிமிஷம் முன்பு வெளியே எடுங்கள். அவசரமென்றால் வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு. வெறும் ஐஸைவிட இது சீக்கிரம் குளிரவைக்கும். காற்றுப்பட வைக்கும் கண்ணாடிக் குடுவையான டிகேன்டரில் ஊற்றுவதாக இருந்தால் ஆறையும் ஒரே நேரத்துக்கு ஊற்றுங்கள், இல்லையென்றால் எதையும் ஊற்றாதீர்கள். அந்தப் பழைய பாட்டில் மட்டும் விதிவிலக்கு: முந்தின நாளே நிமிர்த்தி வைத்து வண்டல் அடியில் படிந்த பிறகு, குடிக்கப்போகும் நேரத்தில்தான் திறக்க வேண்டும். சீக்கிரம் திறந்தால் இருக்கும் கொஞ்சநஞ்ச மணமும் போய்விடும்.

சாப்பாட்டுக்கு வருவோம். ருசி பார்ப்பதும் சாப்பிடுவதும் ஒரே நேரத்தில் வேண்டாம். முதல் ஒன்றேகால் மணி நேரம் சாதாரண ரொட்டியும் தண்ணீரும் மட்டும். ரேங்க் எழுதி முடித்து, பைகளைக் கழற்றி, சிரித்து, சண்டை போட்டு ஓய்ந்த பிறகு சாப்பாடு வரட்டும். அப்போதுதான் அந்த 250 மில்லி மிச்சத்துக்கு வேலை. அதே ஆறு ஒயினையும் சாப்பாட்டோடு மறுபடி குடித்துப் பார்த்தால் ரேங்க் தலைகீழாகும். தனியாகக் குடிக்கும்போது பழுத்த, கனமான, ஓக் மணக்கும் ஒயின் மற்றதையெல்லாம் அமுக்கிவிடும். சாப்பாடு வந்ததும் அதுவே திகட்டும். காரணம் இருக்கிறது: சிவப்பு ஒயினில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் நாக்கு வறண்டு துவர்க்கிறது. இறைச்சியோ சீஸோ வாயில் இருந்தால் அந்தத் துவர்ப்பு தணியும், உப்பும் கசப்பைக் குறைக்கும். முதலில் முறுக்கிக்கொண்டு நின்ற ஒயின் இளகிவிடும், புளிப்பு ஜாஸ்தி என்று ஒதுக்கிய ஒயின் கொழுப்பை அறுத்துக்கொண்டு ருசிக்கும். எந்த பாட்டில் முதலில் காலியாகிறது என்று கவனியுங்கள். எழுதி வைத்த ரேங்கைவிட அந்தத் தகவலை நான் அதிகம் நம்புவேன்.

கடும் காரம் வேண்டாம், ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டும். இனிப்புப் பண்டத்தோடு இனிப்பில்லாத ஒயினைக் குடித்தால் ஒயின் வெறும் புளிப்பாகத் தெரியும், அதனால் இனிப்பை ஒயினெல்லாம் முடிந்த பிறகு கொண்டுவாருங்கள். பொரியல், வறுவலை முன்பே முடித்து ஜன்னலைத் திறந்து வைத்தால் வாசனை அடங்கிவிடும். சென்ட் போட்டு வர வேண்டாம் என்பதை அழைப்பிலேயே எல்லாருக்கும் பொதுவாக எழுதிவிடுங்கள். ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் நட்பு கெட்டுப்போகும். வாசனை மெழுகுவத்தியும் கூடாது.

அழைப்பிலேயே இன்னொன்றும் எழுதுங்கள்: யாரும் வண்டி ஓட்டி வரக் கூடாது, திரும்பிப் போக ஏற்பாடு செய்துகொண்டு வாருங்கள் என்று. துப்பினேன், ஒன்றுமில்லை என்று ராத்திரி பதினோரு மணிக்கு ஒருவர் சாவியை எடுத்தால் அவரோடு வாதாட உங்களுக்குத் தெம்பு இருக்காது.

பாட்டில்களைக் குப்பையில் போடுமுன் லேபிளையும் ரேங்க் தாளையும் சேர்த்து ஒரு படம் எடுத்துவையுங்கள். மிஞ்சியதைக் கார்க் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால், சிவப்பாக இருந்தாலும், இரண்டு மூன்று நாள் தாங்கும். கிளாஸ்களை அன்றைக்கே கழுவ உட்காராதீர்கள். குடித்த கையில் மெல்லிய கிளாஸ் உடையத்தான் உடையும். தண்ணீர் ஊற்றி நிறுத்திவிட்டுத் தூங்கப் போங்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம்.