போன் கிராஃப்ட் சீக்கிரம் ஒட்டிச் சேர வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடலாமா?

வணக்கம். தம்பியின் டிபியா (முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பு) முறிவு கூடாததால் இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எலும்பை எடுத்து அங்கே வைத்து (போன் கிராஃப்ட்) இரண்டு மாதம் ஆகிறது, ஜிம் நண்பர் வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

அந்த ஹார்மோன், உடலில் சுரக்கவைக்கும் ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிப் பொருள் வழியாக எலும்புச் செல்களைத் தூண்டுவது உண்மைதான். ஆனால் 2007-இல் வெளிவந்த டிபியா முறிவு ஆய்வில் மொத்தமாகத் தெளிவான பலன் இல்லை. அதிக டோஸில், தோல் கிழியாத முறிவுகள் மட்டும் வேகமாகக் கூடின. அவையும் புது முறிவுகள், கிராஃப்ட் இல்லை.

தம்பிக்குச் சர்க்கரை இருக்கிறது என்கிறீர்களே, இந்த ஊசி அதை இன்னும் ஏற்றிவிடும். கை கால் வீக்கமும் வரலாம்.

அப்புறம், சிகரெட்டை விட்டுவிட்டாரா? எலும்பு கூடாமல் போக அது பெரிய காரணம். வைட்டமின் டி அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் இன்னும் முழுசாகக் கூடவில்லை என்று பயப்படாதீர்கள், கிராஃப்ட் ஒட்டிச் சேரப் பல மாதம் ஆகும்.