கணினி எதிராளியின் ஆக்ரோஷம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பண்டைக்கால ஊர்களைக் கட்டிப் படை நடத்தும் ‘ஜீரோ ஏ.டி.’ கணினி விளையாட்டில் கணினி எதிராளியின் சுபாவத்தைச் ‘சமநிலை’யிலிருந்து ‘ஆக்ரோஷம்’ என்று மாற்றிப் பார்த்தேன். ஆட்டம் கடினமாகும் என்று எதிர்பார்த்தேன். தொடக்கத்தில் திணறினேன் என்பது உண்மை. ஆனால் அதைத் தாண்டிவிட்டால் முன்பைவிட எளிதாக வெல்கிறேன். இதற்கு என்ன காரணம்? (திருச்சி வாசகர்)

பதில்: ஆட்டத்தைத் தொடங்கும் பக்கத்தில் கணினி எதிராளிக்கென்று இரண்டு தனிப் பட்டியல்கள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். கடின நிலையைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல், எதிராளியின் ஆட்கள் உணவையும் மரத்தையும் எவ்வளவு வேகமாகச் சேகரிப்பார்கள் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது. சுபாவத்தைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலோ, சேர்த்ததை எப்போது, எதற்காகச் செலவிடுவது என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டாவதை மட்டும் மாற்றியதால், அதே வருமானம் உள்ள எதிராளி சற்று முன்னதாகவே வாளை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார். அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

இந்த அவசரத்துக்கு அவர் கொடுக்கும் விலையைக் கணக்கிட்டால் உங்கள் வெற்றியின் காரணம் விளங்கும். ஜீரோ ஏ.டி.யில் காலாட்படை வீரர்கள் போர் இல்லாத நேரத்தில் மரம் வெட்டுவார்கள், சுரங்கத்தில் கல்லும் உலோகமும் தோண்டுவார்கள். அதாவது அவர்கள் பாதி உழைப்பாளிகள். 50 உணவும் 50 மரமும் செலவழித்து உருவாக்கிய ஒரு ஈட்டி வீரனைத் தொடக்கத்திலேயே வரைபடத்தின் மறுகோடிக்கு அனுப்பினால், அவன் நடந்து செல்லும் நேரம், சண்டையிடும் நேரம், உயிர் பிழைத்தால் திரும்பி வரும் நேரம் ஆகிய அனைத்திலும் வீட்டில் ஒரு கோடாரி சும்மா கிடக்கிறது. அவன் இறந்துவிட்டால், செலவழித்த 100 அலகுகளோடு, ஆட்டம் முடியும்வரை அவன் வெட்டியிருக்கக்கூடிய மரமும் சேர்ந்து போகிறது. தொடக்கத்தில் ஏற்படும் இழப்பு வட்டிக் கடனைப் போன்றது. நேரம் செல்லச் செல்ல வளரும்.

தற்காக்கும் உங்களுக்கு இந்தச் சுமைகள் இல்லை. உங்கள் வீரர்கள் மரம் வெட்டும் இடத்திலிருந்து சில அடி நடந்தால் போர்க்களம் வந்துவிடுகிறது. ஊரின் முதன்மைக் கட்டடமான நகர மையம் தானாகவே அம்பு எய்கிறது. வீரர்களை உள்ளே அனுப்பினால் அம்புகளின் எண்ணிக்கை கூடுகிறது. வயலில் உழைக்கும் பெண்களையும் உள்ளே அனுப்பிக் காப்பாற்றலாம். ஆக, முதல் சிறு படையெடுப்பைப் பெரிய சேதமின்றித் தடுத்துவிட்ட அந்தக் கணத்திலேயே நீங்கள் பொருளாதாரத்தில் முன்னணிக்கு வந்துவிடுகிறீர்கள். பிற்பாடு கிடைத்த எளிய வெற்றி அங்கேயே முடிவானதுதான்.

தடுக்க முடியாவிட்டால் கதை தலைகீழாகும் என்பதையும் சொல்ல வேண்டும். வயலில் வேலை செய்யும் ஐந்தாறு பெண்களை இழந்துவிட்டால், மேற்சொன்ன வட்டிக் கணக்கு உங்கள் பக்கம் திரும்பிவிடும். அனுபவமற்ற ஆட்டக்காரருக்கு ஆக்ரோஷ அமைப்பு கொடுமையாகத் தோன்றுவதும், ஓரளவு தேறியவருக்கு அது பரிசாக அமைவதும் இதனால்தான்.

கேள்வி: ஒரு நாட்டை வளர்த்துப் பிற நாட்டுத் தலைவர்களோடு போட்டியிடும் ‘சிவிலைசேஷன்’ விளையாட்டில் காந்தியடிகள் அணுகுண்டு வீசுவது ஒரு நிரல் பிழையால் என்று பலரும் எழுதுகிறார்கள். ஆக்ரோஷ மதிப்பு 1 ஆக இருந்து, அவர் மக்களாட்சிக்கு மாறியதும் 2 குறைந்து, எதிர்ம எண்ணாக முடியாமல், அந்த இடத்தில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண்ணான 255க்குத் தாவிவிட்டதாம். உண்மையா? (சேலம் வாசகர்)

பதில்: கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் உண்மை இல்லை. 1991இல் வெளியான முதல் ஆட்டத்தை உருவாக்கிய சிட் மெயர், 2020இல் வெளியான தம் நினைவுக் குறிப்பில் இப்படி ஒரு பிழை இருந்ததே இல்லை என்று மறுத்துவிட்டார். இரண்டாம் பாகத்தின் தலைமை வடிவமைப்பாளரான பிரையன் ரெனால்ட்ஸும், முதல் ஆட்டத்தில் ஆக்ரோஷத்துக்கு மூன்றே படிகள் இருந்தன என்றும், காந்தி இருந்த மிகக் குறைந்த படியில் வேறு பல தலைவர்களும் இருந்தார்கள் என்றும் விளக்கியிருக்கிறார். மூன்று படிகள் மட்டுமே உள்ள ஏணியில் 255ஆம் படிக்குத் தாவ வழியில்லை. மேலும் இந்தக் கதை, ஆட்டம் வெளியாகி இருபது ஆண்டுகள் கழிந்த பிறகுதான் இணையத்தில் பரவத் தொடங்கியது.

அப்படியானால் பழைய ஆட்டக்காரர்கள் பார்த்தது என்ன? அந்த ஆட்டத்தில் அணு ஆயுதம் வைத்திருக்கும் எந்தத் தலைவரும் பேச்சுவார்த்தையின்போது அதைச் சுட்டி ஒரே வாசகத்தால் மிரட்டுவார். இந்தியா அறிவியலில் நாட்டம் கொண்ட நாடாக அமைக்கப்பட்டிருந்ததால் அந்த ஆயுதம் காந்தியின் கைக்குச் சற்று முன்னதாகவே வந்துவிடும். லிங்கன் வாயிலிருந்து வந்தால் யாரும் நினைவில் வைத்துக்கொள்ளாத அந்த மிரட்டல், காந்தியின் முகத்தோடு வந்தபோது மறக்க முடியாததாகிவிட்டது.

2010இல் வந்த ஐந்தாம் பாகத்தில் நிலைமை வேறு. அங்கு காந்தியின் அணு ஆயுத நாட்டம் உண்மையிலேயே 12 என்று வைக்கப்பட்டது. வடிவமைப்பாளர் ஜான் ஷேஃபர் வேண்டுமென்றே செய்த வேடிக்கை அது. இதிலிருந்து ஆக்ரோஷ அமைப்பு உள்ளே எப்படி இயங்குகிறது என்பதையும் தெரிந்துகொள்ளலாம். ஐந்தாம் பாகத்தில் ஒவ்வொரு தலைவருக்கும் போர், விரிவாக்கம், கடற்படை, பண்பாடு என்று பல நாட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வழக்கமாகப் பத்துக்குள் ஒரு மதிப்பு தரப்பட்டு, ஆட்டம் தொடங்கும்போது அது இரண்டு வரை கூட்டியோ குறைத்தோ கலைக்கப்படுகிறது. ஒரே தலைவரை எதிர்த்து மீண்டும் மீண்டும் ஆடினாலும் அவர் ஒரே மாதிரி நடந்துகொள்ளாததற்கு இதுவே காரணம். பன்னிரண்டிலிருந்து இரண்டைக் கழித்தாலும் பத்து என்பதால் காந்தி மட்டும் எந்தக் கலைப்புக்கும் தப்பி உச்சத்திலேயே நிற்கிறார். போர் தொடுப்பதில் அவருக்கு ஆர்வம் குறைவு. போர் என்று வந்துவிட்டால் எதை எடுப்பார் என்பதில்தான் விபரீதம். ஆக்ரோஷம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் தனித்தனியே திருகக்கூடிய பல குமிழ்கள் இருக்கின்றன என்பதை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம்.

கேள்வி: விண்வெளிப் பேரரசுகளை நடத்தும் ‘ஸ்டெல்லாரிஸ்’ விளையாட்டில் கணினிப் பேரரசுகளின் ஆக்ரோஷத்தை ‘உயர்வு’ என்று வைத்து, பல பேரரசுகளோடு ஆடுகிறேன். என்னை யாரும் தாக்காத ஆட்டத்தில்கூடக் கடைசியில் தோற்றுவிடுகிறேன். ஏன்? (யாழ்ப்பாண வாசகர்)

பதில்: அந்த அமைப்பு உங்களை மட்டும் குறிவைப்பதில்லை. கணினிப் பேரரசுகள் ஒன்றையொன்று அதே பசியோடு பார்க்கின்றன. நீங்கள் விண்மீன் மண்டலத்தின் ஒரு மூலையில் அமைதியாக வளர்ந்துகொண்டிருக்கும்போது, மறுமூலையில் ஒருவர் தம் அண்டை வீட்டாரை விழுங்கியிருப்பார்; விழுங்கிய கோள்களின் விளைச்சலைக் கொண்டு அடுத்தவரையும் விழுங்கியிருப்பார். உங்கள் எல்லைக்கு அவர் வரும்போது மூன்று நான்கு பேரரசுகளின் வருமானம் ஒரே கையில் இருக்கும். ஆக்ரோஷம் குறைவாக இருந்திருந்தால் அந்த நால்வரும் நடுத்தர அளவில் தனித்தனியே நின்றிருப்பார்கள்.

இருவர் மட்டும் மோதும் ஆட்டத்தில் தற்காப்பவருக்குச் சாதகமாகும் அதே அமைப்பு, பலர் ஆடும் ஆட்டத்தில் ஒதுங்கி நிற்பவரைத் தண்டிக்கிறது. ஆகவே உயர் ஆக்ரோஷத்தில் ஆடும்போது தூதரக வேலை விண்கலப் படை அளவுக்கு முக்கியமாகிவிடுகிறது. பலவீனமான அண்டை நாட்டோடு தற்காப்பு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். வல்லவர் ஒருவர் தலையெடுக்கிறார் என்று தெரிந்தால் கூட்டமைப்பு ஒன்றை முன்கூட்டியே கட்டுங்கள். அவர் முதல் போரை முடித்துவிட்டு இரண்டாவதில் சிக்கியிருக்கும் நேரமே நீங்கள் தலையிட ஏற்றது. அப்போது அவருடைய கப்பல்கள் வேறொரு எல்லையில் இருக்கும்.

கேள்வி: கடுமையான நிலையில் கணினி ஏமாற்றுகிறதா? (கோவை வாசகர்)

பதில்: சிலவற்றில் ஆம். ‘ஸ்டார்கிராஃப்ட் 2’ இதை மறைப்பதில்லை. ‘எலைட்’ நிலைக்கு மேலே உள்ள மூன்று நிலைகளுக்கும் ‘ஏமாற்றுபவர்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அவற்றுள் முதலாவது வரைபடம் முழுவதையும் பார்க்கும். அடுத்தது கூடுதல் வளமும் பெறும். 1999இல் வந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ஐ மிகக் கடின நிலையில் ஆடினால் கணினிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் இலவச வளம் கிடைத்தது, 2019ஆம் ஆண்டுப் பதிப்பின் கணினி எதிராளி அந்த உதவியின்றியே ஆடுகிறார். இவை யாவும் கடின நிலையின் விளைவுகள். ஆக்ரோஷத்தை உயர்த்துவதால் மட்டும் எதிராளிக்கு இலவசமாக எதுவும் கிடைத்துவிடாது. என் விருப்பத்தைக் கேட்டால், கடின நிலையை ஒரு படி குறைத்து ஆக்ரோஷத்தை ஒரு படி கூட்டுவேன். இலவச வளத்தில் கொழுத்துக்கொண்டு தன் ஊரைவிட்டு நகராத எதிராளியைவிட, நேர்மையான வருமானத்தில் துணிந்து தாக்குபவரோடு மோதுவதில் எனக்குச் சுவை அதிகம்.

கேள்வி: பன்னிரண்டு வயது மகள் இத்தகைய விளையாட்டுகளைப் பழகத் தொடங்கியிருக்கிறாள். ஆக்ரோஷத்தை மிகக் குறைவாக வைப்பதுதானே நல்லது? (புதுச்சேரி வாசகி)

பதில்: விதிகளும் பொத்தான்களும் பழகும்வரை அப்படியே வையுங்கள். அதற்குமேல் நீடித்தால் காவலே இல்லாமல் நகரம் கட்டும் பழக்கம் ஊறிவிடும். பின்னால் அதை மாற்றுவது கடினம். சிவிலைசேஷன் போன்ற ஆட்டங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு: சாதுவான எதிராளி, படைக்குச் செலவிடாததையெல்லாம் ஆராய்ச்சியில் போட்டு, ஒரு குண்டும் சுடாமல் விண்கலத்தை ஏவி வென்றுவிடக்கூடும். தன்னை யாருமே தாக்கவில்லையே, எப்படித் தோற்றேன் என்று குழந்தை குழம்பிப்போகும். எனவே கடின நிலையைத் தாழ்வாகவே விட்டுவிட்டு, ஆக்ரோஷத்தை மட்டும் நடுநிலைக்கு உயர்த்துங்கள். அப்போது படை வரும், ஆனால் சிறிதாக வரும். இரண்டு காவல் கோபுரங்களும் சில வீரர்களும் இருந்தால் அவளே சமாளித்துவிடுவாள்.