செத்த வீட்டுப் பிரசங்கம்

அன்புள்ள ஐயா,

நான் பெரியகல்லாற்றைச் சேர்ந்தவன். மெதடிஸ்த சபை. படிப்பித்துக்கொண்டே வார இறுதிகளில் இறையியல் டிப்ளோமா படிக்கிறேன். படிக்கத் தொடங்கிய பிறகு எனக்கு ஜெபம் வருவதில்லை. வேதாகமத்தின் முதல் ஐந்து ஆகமங்களையும் மோசே ஒருவரே எழுதவில்லை, நான்கு மூலங்கள் இருந்தன என்று வகுப்பில் சொன்னார்கள். அதை அம்மாவிடம் சொன்னேன். அவ அழுதுவிட்டா. விடியற்காலை நாலு மணிக்கு எழும்பி முழந்தாளில் நிற்கிறவ அவ. வேதாகமத்தைத் தவிர வேறு புத்தகம் தொட்டதில்லை. ஆனாலும் அவவிடம் இருக்கும் விசுவாசத்தை என் விரிவுரையாளர்களிடம் நான் காணவில்லை. இயேசு மீனவர்களைத்தானே அழைத்தார்? வெஸ்லியின் இருதயம் அனல்கொண்டது புத்தகம் படித்தா? படிப்பை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். தமிழில் எந்த மொழிபெயர்ப்பு நல்லது, என்னென்ன புத்தகங்கள் வாசிக்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். எந்த மொழிபெயர்ப்பு? கையில் இருப்பது. மீனவர்கள்? இந்த வாதத்தைத் தயவுசெய்து இனி யாரிடமும் எடுக்காதீர்கள். மீனவர்களை அழைத்தவர்தான் யூத வேத அறிஞர் கமாலியேலிடம் படித்த பவுலையும் அழைத்தார். புதிய ஏற்பாட்டில் பாதி அந்தப் படித்த மனிதரைச் சுற்றித்தான் நிற்கிறது.

வெஸ்லி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. நான் கத்தோலிக்கன். உங்கள் சபையின் தகப்பனைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1738 மே 24 மாலை, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு கூட்டம். அங்கே ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தது, ரோமருக்கு எழுதிய நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை. கேட்டுக்கொண்டிருந்தவர் ஒக்ஸ்ஃபோர்டில் படிப்பித்தவர். முன்னுரை, தம்பி! நாங்கள் எல்லாரும் புரட்டிவிட்டுப் போகிற பக்கம். அவருடைய இருதயம் அனல்கொண்டது அதைக் கேட்டுத்தான்.

சரி. உங்கள் கடிதத்துக்கு நான் பதில் எழுத உட்கார்ந்தது இதற்காக அல்ல. போன கிழமை கல்லடியில் ஒரு செத்த வீட்டுக்குப் போயிருந்தேன். இளம் வயதுச் சாவு. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் நெடுநேரம் பேசினார். நல்ல குரல், கண்ணீர்கூட வந்தது அவருக்கு. குடும்ப ஜெபம் குறைந்த வீடுகளில் சத்துரு எப்படி நுழைகிறான் என்பதுதான் பேச்சின் சாரம். இறந்தவனின் தாய் கீழே பாயில் இருந்தா. அன்றிலிருந்து இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்போதுதான் 'இருதயத்திலிருந்து வரும் விசுவாசம் போதாதா' என்று உங்கள் கடிதம் வந்தது.

அந்த மனிதருக்கும் இருதயத்திலிருந்துதான் வந்தது. அவர் நடிக்கவில்லை.

சுனாமிக்குப் பிறகு ஒரு முகாமில் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன். வெளியிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார், 'அந்தக் காலையில் ஆலயத்தில் இருந்திருந்தால் தப்பியிருப்பீர்கள்' என்றார். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை அல்லவா, அதை வைத்துத்தான். மட்டக்களப்பு நாவலடியில் பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த ஒரு தாய் முன்வரிசையில் இருந்தா. அவ எதிர்த்துப் பேசவில்லை, எழும்பிப் போகவும் இல்லை. 'ஓம்' என்று தலையாட்டினா. பிரசங்கியாரை மறந்துவிடுவேன், அந்தத் தலையாட்டலைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவவின் விசுவாசத்தில் ஒரு குறையும் இல்லை. கடவுளைப் பற்றி யார் உரத்துச் சொன்னாலும் அதை அப்படியே உள்ளே எடுத்துக்கொள்ளும் அளவுக்கு அது முழுமையாக இருந்தது. அந்த விசுவாசமே அவவின் கழுத்தை நெரித்தது.

அதே மட்டக்களப்பில், 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. சீயோன் தேவாலயத்தில் ஞாயிறுப் பள்ளி முடிந்து வெளியே நின்ற பிள்ளைகள் குண்டில் செத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதான். ஆலயத்தில்தான் இருந்தார்கள். அந்தப் பிரசங்கியார் இதற்கு என்ன கணக்கு வைத்திருப்பார்?

இந்தக் கணக்கை இயேசுவே கிழித்துப் போட்டிருக்கிறார். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்களே, அவர்கள் எருசலேமில் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, அப்படியல்ல என்று அவரே சொல்கிறார். லூக்கா 13. அடுத்த வரியில் 'மனந்திரும்பாமற்போனால்' என்று வருகிறது. எங்கள் பிரசங்கிமார் அந்தப் பாதியை மட்டும் கவ்விக்கொள்வார்கள். முன்பாதி அவர்கள் வேதாகமத்தில் அச்சாகவில்லையோ என்னவோ.

என் பெத்தாவுக்கு, அதாவது பாட்டிக்கு, எழுதப் படிக்கத் தெரியாது. செபமாலைதான் எல்லாம். 1978 நவம்பர் 23 சூறாவளியில் எங்கள் வீட்டுக் கூரை போனது. ஊருக்குள் ஒருவர் வந்து, சனங்களின் பாவத்துக்கு வந்த தண்டனை என்று விளக்கினார். பெத்தா முறிந்த தென்னையில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவ, தலையை நிமிர்த்தாமலே கேட்டா: 'அப்ப கோயில்ட கூரை என்ன பாவம் செஞ்ச?'

அது இறையியல், தம்பி. நல்ல இறையியல். படிக்காதவர்களுக்கு இருதயம் மட்டும் இருக்கிறது, படித்தவர்களுக்குத் தலை மட்டும் இருக்கிறது என்று நீங்கள் பிரித்து வைத்திருக்கிறீர்களே, அந்தப் பிரிப்பே பொய். கடவுளைப் பற்றி ஒரு நினைப்பு இல்லாமல் யாரும் முழந்தாளில் நிற்பதில்லை. உங்கள் அம்மாவுக்கும் அந்த நினைப்பு உண்டு. அது என்ன என்று நீங்கள் ஒருநாளும் கேட்டிருக்க மாட்டீர்கள். பாடக் குறிப்பை மட்டும் கொண்டுபோய் அவவுக்கு முன்னால் கொட்டியிருக்கிறீர்கள்.

படித்தால் மட்டும் தப்பிவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். யோபுவின் மூன்று நண்பர்களும் படித்தவர்கள். 'குற்றமில்லாமல் அழிந்தவன் உண்டோ?' என்று எலிப்பாஸ் கேட்கிறான். எவ்வளவு அழகான வசனம், சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம். 10 பிள்ளைகளையும் ஒரே நாளில் இழந்த தகப்பனான யோபுவிடம் போய், உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள் என்கிறான் பில்தாத். எல்லாம் கடவுளுக்காகத்தான் பேசுகிறார்கள். கடைசியில் அந்தக் கடவுளே 'நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை' என்று அவர்கள்மேல் கோபிக்கிறார். கத்தியவனும் வழக்காடியவனும் யோபு. சரியாகப் பேசியவன் என்று பெயர் எடுத்ததும் அவன்தான். அந்த மூவரும் செய்த ஒரே நல்ல காரியம் தொடக்கத்தில்: ஏழு பகலும் ஏழு இரவும் வாய் திறக்காமல் அவனோடு தரையில் இருந்தார்கள். எங்கள் ஊர்ச் செத்த வீடுகளில் மூன்று மணித்தியாலமாவது அப்படி இருக்க ஆளில்லை.

நான்கு மூலங்கள் என்ற கருத்துக்கு முழு உருவம் கொடுத்தவர் ஜெர்மன் வேத ஆராய்ச்சியாளர் வெல்ஹவுசன், 1878இல். அவரைப் பற்றி உங்கள் வகுப்பில் மீதியையும் சொன்னார்களா? 1882இல் அவர் தன் இறையியல் பேராசிரியர் பதவியை விட்டு விலகினார். திருச்சபை ஊழியத்துக்கு மாணவர்களை ஆயத்தப்படுத்த வேண்டிய நான் அவர்களை அதற்குத் தகுதியற்றவர்களாக்குகிறேன் என்பது அவர் சொன்ன காரணம். உங்களை வருத்துகிற கேள்வி அந்த மனிதரையே வருத்தியிருக்கிறது. ஆனால் அவர் ஆராய்ச்சியை விடவில்லை, பதவியைத்தான் விட்டார். நீங்கள் அம்மாவிடம் ஆராய்ச்சியும் செய்யவில்லை, ஊழியமும் செய்யவில்லை. கெட்டித்தனம் காட்டியிருக்கிறீர்கள். அவ அழுதது மோசேக்காக என்று நினைக்கிறீர்களா? மகன் தன்னைவிட்டு வேறெங்கோ போகிறான் என்றுதான் அழுதிருப்பா.

படிப்பை விட வேண்டாம். எங்கள் சபையின் பெரிய இறையியலாளர் தோமஸ் அக்குவைனாஸ் 1273 டிசம்பரில் எழுதுவதை நிறுத்தி, எழுதியதெல்லாம் வைக்கோல் என்று சொன்னதை யாராவது உங்களுக்கு எடுத்துக்காட்டுவார்கள். வைக்கோல் என்று சொல்வதற்கு முதலில் விதைத்து, வெட்டி, சூடு மிதித்திருக்க வேண்டும். நீங்கள் இன்னும் வரம்பில் நிற்கிறீர்கள்.

ஜெபம் வரவில்லை என்றால் சங்கீதம் 88ஐ வாய்விட்டு வாசியுங்கள். கதறலில் தொடங்கி இருளிலேயே முடிகிற ஜெபம் அது. கடைசியில் ஓர் ஆறுதல் வசனத்தை ஒட்டிவிடாமல் அப்படியே தொகுத்து வைத்த அந்தப் பழைய படித்த மனிதர்களுக்கு நான் நன்றி சொல்வதுண்டு.

புத்தகப் பட்டியல் தரமாட்டேன். யோபு ஆகமத்தை முழுதாக வாசியுங்கள், அதுவும் அம்மாவுக்குச் சத்தமாக. நண்பர்கள் பேசுகிற அதிகாரங்கள் வந்ததும் நிறுத்தி, இந்த மாதிரி ஆட்களைக் கல்லாற்றில் பார்த்திருக்கிறாவா என்று கேளுங்கள். அவ யார் யாருடைய பெயரைச் சொல்கிறா என்று எனக்கு எழுதுங்கள். நான் வெளியிடமாட்டேன்.