ஜப்பான் போவதற்கு முன் வீட்டிலிருந்தே அந்த நாட்டுப் பண்பாட்டைத் தெரிந்துகொள்ள முடியுமா?

தாராளமாக முடியும். ஆனால் சுற்றுலா வீடியோக்களில் ஆரம்பிக்காதீர்கள், கோயிலையும் கோட்டையையும் எப்படியும் நேரில் பார்க்கத்தான் போகிறீர்கள்.

என்னைக் கேட்டால் முதலில் சுமோ மல்யுத்தம் பாருங்கள். ஒற்றைப்படை மாதங்களில் வருடத்துக்கு 6 போட்டித் தொடர்கள், ஒவ்வொன்றும் 15 நாள். ஜப்பான் பொது ஒளிபரப்பு நிறுவனத்தின் சர்வதேச சேனலான என்எச்கே வேர்ல்டு இணையத்தில் இலவசமாகவே தொகுப்பு காட்டுகிறது. மோதல் பெரும்பாலும் சில நொடிகளில் முடிந்துவிடும், ஆனால் அதற்கு முன் உப்பை அள்ளி மேடையில் வீசுவது, எழுந்து மறுபடி உட்கார்ந்து முறைத்துக்கொள்வது, அப்புறம் ஜெயித்தவர்கூடத் துள்ளிக் குதிக்காமல் தலைவணங்குவது, இதையெல்லாம் கவனித்தால் அடக்கத்துக்கும் சடங்குக்கும் அங்கே என்ன மரியாதை என்று நன்றாகவே பிடிபடும்.

அடுத்து, தங்கப்போகும் இடத்திலிருந்து ரயில் நிலையம் வரை கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் ஒரு நடை போய் வாருங்கள். தெருவில் குப்பைத்தொட்டி எவ்வளவு அபூர்வம் என்று தெரியும், சரி, கையில் ஒரு பை வேண்டும் என்று நீங்களே முடிவு செய்துவிடுவீர்கள்.

கடைகளில் பணத்தைக் கையில் நீட்டாமல் கல்லாவுக்கு முன்னால் இருக்கும் சின்னத் தட்டில் வைப்பார்கள். டிப்ஸ் வழக்கமில்லை. ரயிலில் போனை சைலன்ட்டில் போட்டுவிடுங்கள், அழைப்பு வந்தால் இறங்கிய பிறகு பேசிக்கொள்ளலாம்.